விளக்கம் வந்த பிறகு: வாவிக்கரையில் விஞ்ஞானமும் விசுவாசமும்

(மட்டக்களப்பில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விஞ்ஞானமும் சமயமும் என்று தலைப்புக் கொடுத்து ஒருவரை மேடையில் ஏற்றினால், அவர் பேசப்போவது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒன்று, இரண்டுக்கும் தீராப் பகை என்பார். கலிலியோவை அழைத்து வருவார். அல்லது, இரண்டும் ஒன்றே, அணுவைப் பற்றி இன்று சொல்வதெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னவைதான் என்பார், கைதட்டலும் கிடைக்கும். முதற் பேச்சுக்குச் சான்று குறைவு. இரண்டாவது பேச்சுக்குச் சான்றே தேவைப்படுவதில்லை என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

நான் இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது. ஒரு நிகழ்வுக்கு விஞ்ஞான விளக்கம் வந்து சேர்ந்துவிட்டால், அதைச் சுற்றி வளர்ந்திருந்த நம்பிக்கைக்குப் பிறகு என்ன வேலை மிஞ்சுகிறது? ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அந்த நம்பிக்கை நல்ல விளக்கம் வரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருந்த தற்காலிக விளக்கம் மட்டுமே. ஏதாவது மிஞ்சுமானால், அதுதான் நம்பிக்கையின் சொந்த வேலை. இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தேசத்திலேயே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்திலேயே, போதிய சான்றுகள் கிடக்கின்றன.

1. அம்மை போனது, அம்மன் போகவில்லை

வைகாசி மாதத்தில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கிறது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு என்று ஊருக்கு ஊர் சடங்கு வரிசையாக நடக்கிறது. கல்யாணக்கால் நடுகிறார்கள், கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள், நிறைவாகக் குளிர்த்தி பாடுகிறார்கள். மதுரையை எரித்த சினம் அடங்காமல் வந்த அம்மனின் உள்ளம் குளிர வேண்டும், அவள் குளிர்ந்தால் ஊர் குளிரும் என்பது நம்பிக்கை. ஊரைச் சுடும் வெப்பம் என்று நம் பாட்டன் பூட்டன்மார் எதைக் கருதினார்கள்? மழை பொய்த்த காலத்துக் காய்ச்சலை ஒருபுறம், வைசூரியை மறுபுறம். பெரியம்மை முத்துப் போட்ட உடம்பு அம்மனின் சினம் படிந்த உடம்பாகவே பார்க்கப்பட்டது.

அந்த நோய்க்கு விளக்கம் வந்தது. 1796இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்திக் காட்டினார். ஆறே ஆண்டுகளில், 1802இல், அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்துவிட்டது. 1977 ஒக்டோபரில் சோமாலியாவில் ஒருவருக்குக் கண்டதே உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை. 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. மனித குலம் முற்றாக ஒழித்த ஒரே மனித நோய் இன்றுவரை அது ஒன்றுதான்.

குளிர்த்தி பெரியம்மைக்கான விளக்கம் மட்டுமாக இருந்திருந்தால், 1980ஆம் ஆண்டு வைகாசியோடு அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் நிற்கவில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டு வருகிறார்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தாய்மார் பிள்ளையைக் குளிர்த்தி நீருக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையில் அவர்களுக்கு மோதல் தெரியவில்லை. தெரியாததற்கு அறியாமை காரணமா? நான் அப்படி நினைக்கவில்லை. நோயை யார் தடுப்பது என்பது அவர்களுக்குத் தெரியும், அதைச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. கோயில் செய்வது வேறு. அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவனுக்காக நியாயம் கேட்ட பெண்ணை ஆண்டுக்கொருமுறை ஊர் நினைக்கிறது. அவள் கோபம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு ஆற்றுப்படுத்துகிறது. இந்த வேலையை எந்த ஊசியும் செய்வதில்லை, செய்வதாக எந்த ஊசியும் சொன்னதுமில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை, விளக்கத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் உயிர்ப்பலி கேட்டது. அம்மனின் குற்றத்துக்கு ஆளாவோம் என்று அஞ்சி அம்மைப்பாலை மறுத்த குடும்பங்கள் தென்னாசியா எங்கும் இருந்தன. விஞ்ஞானம் அந்த நாற்காலியைக் கேட்டபோது நம்பிக்கை மனமுவந்து எழுந்து கொடுக்கவில்லை, மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் நகர்ந்த பிறகு நம்பிக்கை சிறுத்துப் போகவில்லை. தன் இடம் எது என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

2. துறவியின் கணக்கு

காரைதீவுக் கண்ணகி கோயிலின் அயலில் 1892 மார்ச் 27இல் பிறந்த மயில்வாகனன் என்ற பிள்ளையைப் பற்றி இந்தச் சபைக்கு நான் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுவாமி விபுலானந்தர் என்றதும் நமக்கு முத்தமிழ் நினைவுக்கு வரும், காவியுடை நினைவுக்கு வரும். அவர் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மட்டும் விழா மேடைகளில் விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் யேசுசபைத் துறவிகளிடம் படித்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் தேர்ந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது 1929இல். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு இந்தத் துறவிதான் தலைவர். பௌதிகமும் இரசாயனமும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் வாய்க்க வேண்டும் என்பதற்காகக் காவியுடுத்தவர் குழு அமைத்துச் சொல் தேடினார்.

அவருடைய வாழ்நாள் உழைப்பு யாழ் நூல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைக் குறிப்புகளைத் திறப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி அது. கண்ணகி கோயில் ஊர்ப் பிள்ளை கண்ணகி காப்பியத்துக்குள் நுழைந்த வாசல் பக்திப் பாட்டு அல்ல, கணிதம். யாழின் நரம்பு நீளத்தைப் பின்னமாக எழுதி, சுரங்களின் அதிர்வு விகிதத்தைப் பெருக்கியும் வகுத்தும் பார்த்து, மறைந்துபோன கருவிகளை எண்களிலிருந்து மீட்டெடுக்க முயன்றார்.

அந்தக் கணக்கில் ஒரு முடிச்சு உண்டு. மாணவர்கள் கவனிக்க வேண்டும். குரல் என்ற சுரத்துக்கும் இளி என்ற சுரத்துக்கும் உள்ள உறவு 3க்கு 2. இந்த உறவில் பன்னிரண்டு படி ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டித் தொடங்கிய சுரத்திலேயே வந்து நிற்க வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். ஏழு ஸ்தாயி என்பது 128 மடங்கு. ஆனால் ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள்; 129.7க்கு மேல் வரும். இயற்கையின் வட்டம் மூடுவதில்லை. சிறிய இடைவெளி ஒன்று எஞ்சி நிற்கிறது. உலகத்து இசை மரபுகள் பலவும் இந்த இடைவெளியை எங்கே ஒளித்து வைப்பது என்ற சிக்கலோடு ஏதோ ஒரு வகையில் போராடியவைதான்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்: ஸ்தாயியில் 24 சுருதிகள், சம அளவானவை. விபுலானந்தர் 22 சுருதிகள் என்ற முடிவில் நின்றார். பண்டிதர் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி, சித்த வைத்தியர். விபுலானந்தர் சைவக் குடும்பத்தில் பிறந்த அத்வைதத் துறவி. இருவருக்கும் இசை இறைவனின் கொடை. ஆனால் 22ஆ 24ஆ என்ற வாதத்தை அவர்கள் சமய நம்பிக்கையால் தீர்க்கப் பார்க்கவில்லை. பழந்தமிழ் நூற்சான்றை எடுத்து வைத்தார்கள். எண்களை எடுத்து வைத்தார்கள். காதால் கேட்டுச் சரிபார்க்கச் சொன்னார்கள். இன்றும் எண் தெரிந்த எவரும் இருவரோடும் வாதாடலாம், பிழை காணலாம்.

1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமி மறைந்தார். அரங்கேற்றம் நடந்த இடம் கோயில். ஆனால் நூலுக்குள் இருப்பது எவரும் சோதிக்கக்கூடிய கணக்கு. தன் நம்பிக்கையைக் கணக்குக்கு முட்டுக்கொடுக்க அவர் பயன்படுத்தவில்லை. பத்தாண்டு பதினைந்தாண்டு ஒரே கணக்கோடு உட்கார்ந்திருக்கும் உறுதியை அவருக்குக் கொடுத்தது எது என்று கேட்டால், அங்கே நம்பிக்கை வருகிறது. எந்தக் கேள்வி வாழ்நாளைச் செலவிடத் தகுந்தது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது.

3. வாவியின் ஒலியும் ஒரு பாதிரியாரும்

மீன்பாடும் தேன்நாடு என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோம். பூரணை இரவில், அமைதியான நீரில், கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் அந்த ஒலியை நீரரமகளிரின் இசை என்று விபுலானந்தர் பாடினார். அதே ஒலியை 1848இல் ஓடத்தில் போய்க் கேட்ட இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தன் பெரிய நூலில், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்தோடு அதை ஒப்பிட்டார். ஓடத்தின் பலகையில் காதை வைத்தால் ஒலி கூடுகிறது, ஆகவே அது நீரின் அடியிலிருந்து வருகிறது என்று ஊகித்தார். மீனவர்கள் காட்டியபடி ஊரி போன்ற ஓட்டுயிர்தான் பாடுகிறது என்ற முடிவுக்குச் சாய்ந்தார்.

நூறு ஆண்டுக்குப் பிறகு, 1950களில், மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் ஒலிவாங்கியை வாவிக்குள் இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார். அது பிற்பாடு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாதிரியார் ஒருவர் இரவில் ஓடமேறிப் போய் ஒலிப்பதிவு செய்ய வேண்டிய அவசியம் என்ன? தேவசங்கீதம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். அவர் ஒலிநாடாவோடு போனார். கேட்டவர்களின் நினைவிலும் கதையிலும் மட்டும் இருந்த ஒன்று, எவரும் திரும்பக் கேட்டுப் பரிசோதிக்கக்கூடிய சான்றாக மாறியது.

பாடுவது எந்த உயிர் என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. மீன்கள் ஒலியெழுப்பும் என்பதில் ஐயமில்லை. பல மீன்களின் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையோடு ஒட்டிய தசை வேகமாகச் சுருங்கி விரியும்போது ஒலி பிறக்கிறது. நம் கீச்சானும் கெளிறும் தூண்டிலில் ஏறியதும் சத்தமிடுவதை மீன்பிடிகாரர் அறிவர். கலிபோர்னியாவில் சௌசலிட்டோ என்ற ஊரில் படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் இரவெல்லாம் ஒரு ரீங்காரம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று முறையிட, துணையை அழைக்கும் ஆண் மீன்களின் ஒலி அது என்று தெரியவந்தது. நம் வாவியிலும் அப்படியொரு விடை வரலாம். வந்தால் நீரரமகளிர் செத்துப் போவார்களா? விபுலானந்தர் பாட்டை எழுதிய நாளிலேயே அவருக்கு ஒலியியல் தெரியும். தெரிந்தவர்தான் பாடினார். ஒலி எங்கே பிறக்கிறது என்பது ஒரு கேள்வி. அதைக் கேட்டு மனிதன் ஏன் ஓடத்தை நிறுத்துகிறான் என்பது வேறு கேள்வி.

லாங் அடிகளாருக்கு ஐரோப்பாவில் ஒரு முன்னோடி உண்டு. பெல்ஜியத்துப் பாதிரியார் ஜோர்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதை 1927இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்பதை 1931இலும் சொன்னவர் அவர். பெருவெடிப்புக் கொள்கையின் தந்தை கத்தோலிக்கக் குரு. 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இந்தக் கொள்கை சிருஷ்டி பற்றிய திருமறைக் கூற்றை உறுதிப்படுத்துவதுபோல் பேசினார். வேறொருவராக இருந்தால் பாப்பரசரே தன்னை மேற்கோள் காட்டிவிட்டார் என்று மகிழ்ந்திருப்பார். லெமேத்ர் கலங்கினார். இனி இப்படிப் பேச வேண்டாம் என்று உரியவர்கள் வழியாக எடுத்துச் சொன்னார். இன்று விஞ்ஞானத்தின் மேல் விசுவாசத்தைக் கட்டினால், நாளை அந்தக் கொள்கை திருத்தப்படும்போது விசுவாசமும் சேர்ந்து சரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மேடைகளில் நவக்கிரகத்தையும் நடராசரையும் அணு விஞ்ஞானத்தோடு முடிச்சுப் போடுவோர் இந்தப் பாதிரியாரிடம் பாடம் கேட்கலாம்.

4. பஞ்சாங்கமும் பிறையும்

இந்த இடத்தை விரைவாகக் கடக்கிறேன். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் நம் வீடுகளில் தொங்குகின்றன. ஒன்று பழைய சூத்திர வாய்பாடுகளின் வழி நடப்பது. மற்றது தற்கால அவதானிப்பால் திருத்தப்பட்டது. சில ஆண்டுகளில் ஒரு விரதம் இரண்டு நாளில் வருகிறது. அண்ணன் வீட்டில் இன்று, தம்பி வீட்டில் நாளை. கிரகணம் எப்போது என்று பார்க்க மட்டும் எல்லோரும் திருக்கணிதத்தையே புரட்டுகிறோம். வானம் வாக்கியத்துக்காகக் காத்திருப்பதில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்புப் பிறை எப்போது பிறக்கும் என்பதை வானியல் நிமிடக் கணக்கில் சொல்லிவிடும். இருந்தும் மக்கள் கடற்கரையில் நின்று மேற்கே பார்க்கிறார்கள். நேரத்தை அறிய மட்டும் அவர்கள் அங்கே நிற்கவில்லை. ஒரு மாதம் பசித்திருக்கப் போகிறவர்கள் சேர்ந்து தொடங்க விரும்புகிறார்கள்.

5. 2004 டிசெம்பர் 26

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். வேறு எந்த ஊரிலும் இதைத் தத்துவமாகப் பேசலாம். இந்த மண்டபத்தில் அப்படிப் பேச முடியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை, நத்தாருக்கு மறுநாள். அப்போதைய இலங்கை நேரம் காலை 6.59க்குச் சுமாத்திராவின் மேற்கே கடலடியில் புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் வழுகியது. ஆயிரம் கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்துக்குக் கடற்றரை உடைந்தது, அளவு 9.1. அதிலிருந்து எழுந்தது சுனாமிப் பேரலை. நாலாயிரம் மீற்றர் ஆழக் கடலில் அத்தகைய அலை மணிக்கு எழுநூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஆழத்தைப் புவியீர்ப்பால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். உயர்தர மாணவர் ஒருவர் இப்போதே போட்டுக் காட்டலாம். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரையைத் தொட்டது. நாவலடி, டச்பார், கல்லடித் திருச்செந்தூர், தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு. நாடெங்கும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள்.

கேள்வி அன்றிரவே தொடங்கியது. ஏன்? எந்தச் சமயத்தாரும் விலக்கில்லை. இது பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். உடுப்பைச் சொன்னார்கள், குடியைச் சொன்னார்கள், கோயிலில் செய்த குறையைச் சொன்னார்கள். பிள்ளையைக் கையிலிருந்து நழுவவிட்ட தாய்க்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையும் போயிற்று, பழியும் அவள் தலையில்.

அந்தத் தாய்க்கு முதலில் ஆறுதல் சொல்லத் தகுந்தது புவியியல்தான் என்று நான் நினைக்கிறேன். அம்மா, இது உன் குற்றமில்லை. உன் விரதக் குறையுமில்லை. பல்லாயிரம் ஆண்டாக நகரும் தட்டுகள் அன்று காலை வழுகின. அவற்றுக்கு உன் பெயர் தெரியாது, உன் ஊர் தெரியாது. கேட்பதற்கு ஈரமற்ற சொல் போலத் தோன்றும். ஆனால் அது அவளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. பழியை நீக்குவதைவிடப் பெரிய கருணை அந்த வேளையில் வேறில்லை. விஞ்ஞானம் உலகத்தை அர்த்தமற்றதாக்கிவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சில அர்த்தங்கள் போய்த் தொலைவதே நல்லது.

கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அலையில் சாய்ந்து, விழாமல் நின்றது. அதை அற்புதம் என்றும் வாசிக்கலாம். கடவுள் கைவிட்டதற்கு அடையாளம் என்றும் வாசிக்கலாம். சாய்ந்த கோபுரம் இரண்டில் எதையும் நிரூபிக்காது. அத்திவாரத்து மணலை அலை அரித்தது. கட்டடம் ஒருபுறம் இறங்கியது. அவ்வளவே.

விஞ்ஞானம் செய்ய வேண்டியதில் அன்று தவறியது ஒன்றும் உண்டு. நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ 15 நிமிடத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை வெளியிட்டது. இந்து சமுத்திரக் கரைகளுக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு இருக்கவில்லை. கையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஒரு சைரன் இருக்கவில்லை. அறிவு இருந்தது, அந்த அறிவு நமக்கும் உரியது என்று நினைத்த ஏற்பாடு இருக்கவில்லை. யாருடைய உயிருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது பௌதிகக் கேள்வியல்ல. 2012 ஏப்ரில் 11இல் மீண்டும் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் உள்ளே நகர்ந்தது. பேரலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று அன்று முணுமுணுத்தவர்களுக்குச் சொல்வேன்: 2004இல் அப்படியோர் ஓட்டம் வாய்த்திருந்தால் நாவலடியில் எத்தனை வீடுகளில் விளக்கெரியும்!

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தத் தாயின் கேள்வி முழுதாகத் தீரவில்லை. எப்படி நடந்தது என்று தெரிந்துவிட்டது. யார் குற்றம் என்ற சுமை இறங்கிவிட்டது. மிஞ்சியிருப்பது, இனி நான் எப்படி இருப்பது என்பது. ஒவ்வொரு டிசெம்பர் 26இலும் கரையோரத்தில் தீபமேற்றுகிறார்கள். கோயிலில் பூசை, பள்ளியில் துஆ, தேவாலயத்தில் செபம். எந்தச் சடங்கும் அலைக்கு விளக்கம் தருவதில்லை. பெயர்களை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் தருகிறது; தனியாக அழுதவர்களைச் சேர்ந்து அழ வைக்கிறது. குளிர்த்தியில் கண்ட அதே வேலை இது. விளக்கம் விலகிய பிறகும் நிற்கும் வேலை.

6. இரண்டு மறுப்புகள்

விளக்கம் வந்த பிறகும் நம்பிக்கைக்குச் சொந்த வேலை உண்டு என்ற இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, பகுத்தறிவாளர் தரப்பிலிருந்து வருவது. கேரளத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு சவால் விட்டார்: மோசடிக்கு இடமில்லாத நிலையில் யாரேனும் அற்புதம் செய்து காட்டினால் ஓர் இலட்சம் ரூபாய். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை. நம் ஊர்ப் பேய்க் கதைகள் பலவற்றின் சாயத்தை வெளுக்க வைத்த அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கோவூர் கேட்பார்: துக்கம் ஆற்றத்தான் சமயம் என்றால், அந்த வேலையைக் கடவுள் இல்லாமலும் செய்யலாமே?

செய்யலாம். அவரே செய்தார். தன் கண்களையும் உடலையும் பிறருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். என் உடல் இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும் என்ற முடிவை எந்த ஆய்வுகூடமும் அவருக்குத் தந்திருக்க முடியாது. அதை விசுவாசம் என்று பெயரிட்டு அவரை நம் பக்கம் இழுக்க எனக்கு உரிமையில்லை. அவர் ஒப்பவும் மாட்டார். வாழ்க்கைக்குப் பொருள் தேடுவது சமயத்தாரின் தனிச் சொத்தல்ல என்பதை அது காட்டுகிறது. அதை நான் தயங்காமல் ஏற்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இந்த மண்ணிலிருந்து வருவது, இன்னும் கனமானது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது; செத்தவர்களில் பலர் பிள்ளைகள். ஒன்று இனத்தின் பேரால், ஒன்று மதத்தின் பேரால். கொன்றவர்கள் எல்லோரும் தங்கள் வாழ்வுக்குப் பெரிய அர்த்தம் இருப்பதாக நம்பியவர்கள். ஆகவே அர்த்தம் தருவது நம்பிக்கையின் வேலை என்று சொல்லி முடித்துவிட முடியாது. எந்த அர்த்தம் என்று கேட்க வேண்டும்.

விஞ்ஞானத்துக்கு உரைகல் உண்டு. 22 சுருதி என்றவரை 24 என்றவர் மறுக்கலாம். பதிவான ஒலியை இன்னொருவர் திரும்பக் கேட்கலாம். நம்பிக்கைக்கும் உரைகல் வேண்டும். என் கருத்தில் அது அயலவரின் துயரம். என் விசுவாசம் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணீரைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? கூட்டுமானால், எந்த வேதம் தாங்கினாலும் அது பிழைத்த கணக்கு. ஈசன் உவக்கும் மலர் எது என்று விபுலானந்தர் பாடியதும் இந்தத் திசையில்தான்: கையில் கொண்டுவரும் பூவைவிட்டு உள்ளத்தையும் கூப்பிய கையையும் இறைவனுக்குரிய மலராகக் காட்டினார்.

7. நிறைவாக இரண்டு வேண்டுகோள்

அறக்கட்டளைச் சொற்பொழிவு கேட்டுக் கலைந்து போவதற்கு மட்டும் அல்ல என்பதால் இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

முதலாவது சமயத் தலைவர்களுக்கு. நீங்கள் உலகத்தைப் பற்றி ஓர் உண்மைக் கூற்றைச் சொன்னால், அதைச் சோதிக்க வருகிறவரைச் சமய விரோதி என்று விரட்டாதீர்கள். நோய், மழை, நிலநடுக்கம், கிரகணம், இவற்றின் காரணங்களை அவரவர் துறையிடம் விட்டுவிடுங்கள். விட்டால் உங்களுக்கு வேலை குறையும் என்று அஞ்ச வேண்டாம். மாதாந்தச் சம்பளத்தில் பாதியை நுண்கடனுக்குக் கட்டும் பெண், பிள்ளையைக் காணாமல் இன்னும் வாசலைப் பார்க்கும் தாய், குடியில் மூழ்கிய இளைஞன், இவர்கள் உங்கள் வாசலில் நிற்கிறார்கள். அங்கே ஊசியும் சூத்திரமும் மட்டும் போதாது.

இரண்டாவது விஞ்ஞான ஆசிரியர்களுக்கு. வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள். சுனாமியின் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது அந்தச் சூத்திரம் ஒரு தாயின் பழியை நீக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் விபுலானந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. இரண்டு இடத்து மாணவரும் சேர்ந்து, வாவியின் பல இடங்களில் ஒலிவாங்கி இறக்கி, பூரணைக்குப் பூரணை ஆண்டுக் கணக்கில் பதிவு செய்யட்டும். பாடுவது எந்த மீன், எந்தப் பருவத்தில், எதற்காக என்று கண்டறியட்டும். ஒருவர் அலைவரிசையைக் கணிக்கட்டும். மற்றவர் அதற்குப் பண் தேடட்டும். மோட்டர் இரைச்சலும் கழிவும் ஒலியைக் கெடுக்கின்றனவா என்று தெரிந்தால், வாவியைக் காக்க என்ன செய்வதென்று ஊர் கூடி முடிவெடுக்கலாம். அந்த முடிவுக்கு அளவீடும் வேண்டும், இந்த வாவி எங்களுக்கு முக்கியம் என்ற பற்றும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது அறிக்கையாகவோ வெறும் கோஷமாகவோ நின்றுவிடும்.

விளக்கத்துக்கு அஞ்சும் நம்பிக்கையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காதிருப்போம். எந்த விளக்கம் வந்த பிறகும் செய்ய வேலை உள்ள நம்பிக்கையைக் கொடுப்போம்.